பல பொருள் தரும் ஒரு வினை

தமிழில் ஒரு சொல் பல பொருள் தந்து நிற்கும் இயல்பை நம் இலக்கண ஆசிரியர்கள் தொன்றுதொட்டே கண்டு கூறியுள்ளனர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே பலபொருள் ஒருசொல்லை எடுத்துக்கொண்டு, அதனை வினை வேறுபடுவது என்றும் வினை வேறுபடாதது என்றும் இரண்டாகப் பகுத்தார். மா என்று மட்டும் சொன்னால் மரமா விலங்கா என்னும் ஐயம் எழும். காய்த்தது என்று முடித்தால் மரம். கனைத்தது என்று முடித்தால் குதிரை. வினை வந்து பெயரின் பொருளைத் தெளிவிக்கிறது. இனமும் சார்பும் அவ்வாறே தெளிவிக்கும். பின்வந்த நன்னூலாரோ கடி என்னும் ஓர் உரிச்சொல்லுக்குப் பதின்மூன்று பொருளை ஒரே நூற்பாவில் அடுக்கிக் காட்டினார்.

இவையெல்லாம் தமிழாசிரியர் அறிந்தனவே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. பெயரின் பொருளை வினை தெளிவிக்கும். வினையின் பொருளைத் தெளிவிப்பது எது? போடு, எடு, பிடி, விடு, படு, வை, வாங்கு என்னும் சின்னஞ்சிறு வினைகளே நம் பேச்சின் பெரும்பாரத்தைச் சுமக்கின்றன. சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், தேநீர் போடுகிறோம், ஊசி போடுகிறோம், கையெழுத்தும் போடுகிறோம். இத்தனையும் ஒரு வினையா, ஆறு வினையா? இதனை நம் அகராதிகளும் வகுப்பறைகளும் எவ்வாறு கையாண்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிகண்டுகளைக் காண்போம். திவாகரமும் சூடாமணியும் பதினோராம் தொகுதியை ஒருசொற் பல்பொருளுக்கென்றே ஒதுக்கின. சூடாமணியின் அத்தொகுதி எதுகை முறையில் அமைந்தமையால் வாய்பாடுபோல் நாவில் நின்றது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதனை மனப்பாடம் செய்தே புலவராயினர். நினைவுக்கு அதுபோன்ற துணை இன்றும் நம்மிடம் இல்லை என்பேன். ஆனால் நிகண்டு செய்யுளுக்காகப் பிறந்தது. அது பெயரையே பெரிதும் நோக்கிற்று. வினை வருமிடத்தும் தொழிற்பெயராகவே வரும். முதற்பொருளும் கடைப்பொருளும் அங்கே ஒரே வரிசையில், ஒரே தகுதியில் நிற்கும். எப்பொருள் எச்சொல்லோடு சேர்ந்தால் வரும் என்பதை நிகண்டு சொல்லாது. சொல்லவேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை. தமிழைத் தாயிடம் கற்றவனுக்கே அது எழுதப்பட்டது.

வெளியிலிருந்து வந்தவனுக்குத்தான் வினையின் தொல்லை தெரியும். போர்த்துகீசியப் பாதிரியார் அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி, அவர் மறைந்த பின் 1679-இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. செய்யுட் சொல்லை விட்டுப் பேச்சுவழக்குச் சொல்லை அது மிகுதியாகத் தழுவியதன் காரணம் விளங்காததன்று. சந்தையிலும் கடற்கரையிலும் மக்களோடு பேசவேண்டியவர்களுக்கு அந்த அகராதி வேண்டியிருந்தது. அதன் படியொன்றை வத்திக்கன் நூலகத்திலிருந்து வெளிக்கொணர்ந்து, 1966-இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையின் வாயிலாகப் பதிப்பித்தவர் தனிநாயக அடிகளார். முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்த அதே ஆண்டு, அதே நகரம். நம் நாட்டில் அச்சேறிய இந்நூலை நம் ஆசிரியருள் எத்தனை பேர் கையில் எடுத்துப் பார்த்திருப்பர்? வீரமாமுனிவர் 1732-இல் செய்த சதுரகராதி நிகண்டைக் கலைத்து அகர வரிசையில் அடுக்கித் தந்தது. தேடுவார்க்கு அது பேருதவி. ஆனால் அதுவும் பொருளை அடுக்கியதே அன்றி ஆட்சியைக் காட்டவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் பிற்சேர்க்கையாகவும் வெளிவந்தது. வையாபுரிப் பிள்ளையின் பதிப்பாண்மையில் நிறைவெய்திய அப்பெருநூலில் வினை தொடர்பாக ஒரு சிறந்த முறை உண்டு. வினையடியைத் தனியே விடாமல் தல் என்றோ த்தல் என்றோ ஈறு சேர்த்து அது தலைச்சொல் ஆக்கும். படு-தல் ஒரு பதிவு. படு-த்தல் வேறொரு பதிவு. பார்வைக்குச் சிறிய குறி. ஆனால் பலபொருள் குழப்பத்தில் பாதியை அது அவிழ்த்துவிடுகிறது. குறை என்னவெனில், ஒரு பதிவுக்குள் நுழைந்த பிறகு பொருள்கள் நீண்ட வரிசையாக எண்ணிட்டு ஓடும். சங்கச் செய்யுளில் மட்டும் வாழ்வதும் நேற்று நம் வீட்டில் பேசியதும் அங்கே அடுத்தடுத்து நிற்கும். மேற்கோள் பெரும்பாலும் பழைய நூலிலிருந்தே வரும். ஆராய்ச்சியாளர்க்கு அது சுரங்கம்; பத்து வயதுப் பிள்ளைக்கு அது காடு.

அப்பிள்ளைக்கு அருகில் வந்த அகராதி 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியே. இன்று வழங்கும் பொருளை மட்டும் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் தந்தது அதன் சிறப்பு. வினையின் பொருள் வாக்கியத்தில்தான் பிறக்கிறது என்னும் உண்மையை ஒத்துக்கொண்டு தமிழில் செய்த அகராதி அது. 2008-இலும் 2020-இலும் விரிந்த பதிப்புகள் வந்தன. அதன்மேல் எனக்குள்ள ஒரு வழக்கைப் பின்னர்ச் சொல்வேன்.

இனி வகுப்பறைக்கு வருவோம்.

பயிற்சி ஆசிரியர்கள் ஆண்டுதோறும் எங்கள் பள்ளிக்குப் பாடம் நடத்த வருகிறார்கள். பலபொருள் ஒருசொல் என்றதும் கரும்பலகையில் எழுவன எப்போதும் ஒரே சொற்கள்தாம்: திங்கள், மாலை, ஆறு, படி. நூலைப் படி, மாடிப்படி, அரிசி அளக்கும் படி. பிள்ளைகள் மகிழ்ச்சியோடு எழுதிக்கொள்கிறார்கள். பாடம் முடிந்தது! ஆனால் இதில் கற்றது என்ன? ஏறும் படிக்கும் படிக்கிற படிக்கும் பொருளால் உறவொன்றும் பிள்ளைக்குத் தெரியவில்லை. ஒலியால் ஒத்த வெவ்வேறு சொற்களை ஒரு கயிற்றில் கட்டிக் காட்டினோம், அவ்வளவே. ஒரே சொல் தன் பொருளை நீட்டி நீட்டிச் செல்லும் செலவைக் காட்டவில்லை. சூரியன் சுடுகிறது, தோசை சுடுகிறாள், துப்பாக்கியால் சுட்டான், அவன் சொல் என் நெஞ்சைச் சுட்டது என்பவற்றில் ஒரு நெருப்பு வழிநெடுக எரிந்துகொண்டே போகிறதே, அதுவன்றோ பிள்ளைக்குக் காட்டத்தக்கது? இவ்விரண்டையும் பிரித்தறியாத பயிற்சி நூல்கள் நம் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. அத்தேர்வுக்கென எழுந்த வினா வடிவங்கள் மட்டும் நீங்கவில்லை.

பலபொருள் வினையைக் கற்பிக்கப் புகுவோர் முதலில் செய்யவேண்டுவது இறந்தகாலத்தைக் கேட்பது. பேரகராதியின் தல், த்தல் முறையையே பிள்ளைக்கேற்ப மாற்றிக்கொள்வதுதான் இது. அடை என்றால் என்ன பொருள் என்று கேட்காதீர்கள்; நேற்று என்ன செய்தான் என்று கேளுங்கள். ஊரை அடைந்தான், கதவை அடைத்தான். துணி காய்ந்தது, மரம் காய்த்தது. காலில் பட்டது, பாயில் படுத்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு நான் தருவது மற்றோர் இணை: கிராணி பாலை நிறுத்தார், மழை வந்ததால் வேலையை நிறுத்தினார். முன்னது எடை பார்த்தல், பின்னது ஓயச் செய்தல். பால் நிறுக்கும் காட்சியைத் தாத்தா பாட்டியின் வாயால் கேட்டிருக்கும் பிள்ளைக்கு ஒரு நொடியில் விளங்கும். இவ்வாறு பிரித்த பின்னும் ஒரே இறந்தகால வடிவத்துக்குள் பல பொருள் நிற்குமாயின், அதுவே உண்மையான பலபொருள் வினை. அங்கேதான் ஆசிரியரின் வேலை தொடங்குகிறது.

அத்தகைய வினைகளுள் தலைமை சான்றது படு என்பது. கல் காலில் பட்டது. வெயில் முகத்தில் பட்டது. அவன் என் கண்ணில் பட்டான். துன்பம் பட்டான். வெட்கப்பட்டான், ஆசைப்பட்டான். கடன்பட்டான், கடமைப்பட்டான். கடிதம் எழுதப்பட்டது. ஏழெட்டுப் பொருள் என்று எண்ணிட்டு எழுதினால் பிள்ளை அஞ்சுவான். ஒரு பொருள் நடந்து சென்ற வழி என்று காட்டினால் அஞ்சமாட்டான். வெளியிலுள்ள ஒன்று நம்மேல் வந்து தொடுவதே அடிப்பொருள். கல் தொட்டால் வலி. வெயில் தொட்டால் வெம்மை. உருவம் கண்ணைத் தொட்டால் காட்சி. துயரம் தொட்டால் துன்பப்படுதல். பொறுப்பு வந்து தொட்டால் கடமைப்படுதல். ஒருவன் செய்யும் தொழில் இன்னொன்றன்மேல் சென்று தொட்டால் செயப்பாட்டுவினை. ஞாயிறு படுதல், போரில் படுதல் என்பவற்றை இக்கோவையில் வலிந்து சேர்க்கவேண்டுவதில்லை. அவை வீழ்தல் என்னும் வேறொரு கிளை. எல்லாவற்றையும் ஒரே ஆணியில் மாட்டப் பார்ப்பதும் பிழையே.

இந்த வழியில் தமிழ் மட்டும் நடக்கவில்லை என்பதைக் கண்டபோதுதான் எனக்கு இதில் ஈடுபாடு மிகுந்தது. நம் பிள்ளைகள் நாளும் வழங்கும் மலாய் மொழியில் கெனா என்றொரு சொல் உண்டு. அதன் அடிப்பொருளும் தொடுதல், படுதல் என்பதே. மழையில் நனைந்தால் கெனா ஹூஜான். ஏச்சு வாங்கினால் கெனா மாரா. காய்ச்சல் கண்டால் கெனா டெமாம். பணம் கட்டவேண்டும் என்பதற்கு கெனா பாயார் என்பர். பொருந்தவில்லை என்றால் தா கெனா. தொடுதல், துன்புறுதல், செயப்பாடு, கடமை என நம் படு நடந்த வழியெல்லாம் கெனாவும் நடந்திருக்கிறது. இரண்டும் ஓரினச் சொற்கள் அல்ல. ஒன்றிலிருந்து ஒன்று கடன்பட்டதும் அன்று. வடக்கே தாய்லாந்துக்குச் சென்றால் தூக் என்னும் வினை தொடுதலையும் குறிக்கிறது, சரியாயிருத்தலையும் குறிக்கிறது, செயப்பாட்டுக்கும் துணையாகிறது.

கோலாலம்பூரில் பயிலும் என் பழைய மாணவி ஒருத்தி ஸ்பானிய மொழியை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறாள். பல பொருள் தரும் வினைகளின் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்யத் தந்திருக்கிறார்கள், ஒன்றும் நிற்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். தொக்கார் என்பது அதில் ஒன்று. பொருள்: தொடுதல், இசைக்கருவி வாசித்தல், முறை வருதல். மே தொக்கா பகார் என்றால் நான் பணம் கட்டும் முறை வந்தது என்று பொருளாம். கெனா பாயார் என்று நீ சிறுவயதிலிருந்தே சொல்லவில்லையா அம்மா என்று கேட்டேன். அவளுக்கு விளங்கிவிட்டது. வேடிக்கை இன்னும் உண்டு. பரிசுச்சீட்டு விழுந்தால் ஸ்பானியர் தொக்கார் என்னும் இதே வினையைத்தான் வழங்குகின்றனர். மலாய்க்காரர் கெனா என்பர். தாய்லாந்தார் தூக் என்பர். நாம் மட்டும் லாட்டரி அடித்தது என்கிறோம்! தொடுதலோடு நமக்கு நிறைவு பிறக்கவில்லை போலும்.

அப்பட்டியலில் மற்றொரு பாடமும் கிடைத்தது. எஸ்பெரார் என்னும் வினைக்குக் காத்திருத்தல், எதிர்பார்த்தல், நம்பியிருத்தல் என மூன்று பொருள். தமிழில் மூன்று வினை வேண்டும். இதற்கு மாறாக, அறிதலைக் குறிக்க ஸ்பானிய மொழியில் இரண்டு வினைகள் உள்ளன. செய்தியையும் செய்திறனையும் அறிவது சபேர். ஆளையும் ஊரையும் அறிவது கொனொசேர். நமக்கோ இரண்டும் தெரியும் என்பதில் அடங்கும்: எனக்கு விடை தெரியும், எனக்கு நீந்தத் தெரியும், எனக்கு அவரைத் தெரியும். அதற்கும் மேலே, தூரத்தில் மலை தெரிகிறது என்கிறோம்.

இது வேற்று நாட்டாரின் சிக்கல் என்று எண்ணவேண்டா. எங்கள் பள்ளியின் மலாய் வகுப்பில் ஆண்டுதோறும் தலைகாட்டும் பிழை இதிலிருந்தே பிறக்கிறது. மலாயும் ஸ்பானியம்போலவே பிரிக்கிறது. செய்தியை அறிவது தாஹு. ஆளை அறிவது கெனால். கண்ணுக்குப் புலப்படுவது நம்பாக். புதிய ஆசிரியரை எனக்குத் தெரியும் என்று மனத்தில் நினைக்கும் தமிழ்ப்பிள்ளை சாயா தாஹு சிகு பாரு என்று எழுதிவிடுகிறான். மலாய் ஆசிரியர் சிவப்பு மையால் கெனால் என்று திருத்துகிறார். ஏன் என்று சொல்வதில்லை. சொல்லவேண்டியவர் அவர் அல்லர், நாம். தெரி என்னும் வினைக்குள் மூன்று அறை இருப்பதைத் தமிழ் வகுப்பில் திறந்து காட்டியிருந்தால், அப்பிள்ளை மலாய் வகுப்பில் தடுமாறியிருக்கமாட்டான். தாய்மொழிக் கல்வி பிறமொழிக் கல்விக்குத் தடை என்று பேசுவோர் நம்மிடையே உளர். அவர்கள் இவ்வொரு வினையை எடுத்துக்கொண்டு சிந்திப்பாராக.

பிடி என்பது இன்னொரு சுவையான வினை. மீன் பிடித்தான், பேருந்து பிடித்தான், அடம் பிடித்தான், துருப் பிடித்தது, தீப்பிடித்தது. எழுவாய் நான்காம் வேற்றுமை ஏற்றவுடன் பொருள் முற்றிலும் மாறுகிறது: எனக்குப் பிடிக்கும். என் மாணவியின் வகுப்பில் மற்றவர்கள் இடறி விழுந்த இடம் மே குஸ்தா என்னும் தொடராம். ஆங்கிலத்தின் வழியே வந்தவர்களுக்கு அது தலைகீழாகத் தோன்றுகிறது. நம் பெண்ணுக்கு அது எனக்குப் பிடிக்கும் என்பதன் வார்ப்பாகவே தோன்றிற்று. அந்த ஒரு பாடத்தில் மட்டும் வகுப்பில் முதலாவதாக நின்றாளாம்.

உண்ணுதல் பற்றி ஒரு சொல். மலாய்க்காரர் உண்ணாத பொருளில்லை. சம்பளத்துக்கு வேலை செய்தால் மாக்கான் காஜி. கையூட்டு வாங்கினால் மாக்கான் சுவாப். நேரம் பிடித்தால் மாக்கான் மாசா. உள்ளுக்குள் நொந்தால் மாக்கான் ஹாத்தி. உல்லாசப் பயணம் போனால் மாக்கான் ஆஙின். காற்றைத் தின்பதாவது என்று நம் பிள்ளைகள் சிரிப்பர். நாம் காற்று வாங்கப் போகிறோமே, எந்தக் கடையில் வாங்குகிறோம்? அடி வாங்குகிறோம், ஏச்சு வாங்குகிறோம், மூச்சு வாங்குகிறோம். பழந்தமிழில் வாங்கு என்பதற்கு வளைதல், வளைத்தல் என்னும் பொருள்களும் உண்டு. இனி, உண் என்பதை நாமே செயப்பாட்டுக்கும் துணையாக்கியிருக்கிறோம்: கட்டுண்டான், வெட்டுண்டான், அடியுண்டான். படு ஒரு பக்கமும் உண் ஒரு பக்கமுமாக நின்று தமிழின் செயப்பாட்டுவினையைத் தாங்குகின்றன. இலக்கண வகுப்பில் இவற்றை விகுதிபோல ஓதிவிட்டுப் போகிறோம். தொடுதலும் உண்ணுதலும் எவ்வாறு இலக்கணமாயின என்று ஒரு நிமிடம் நின்று சொன்னால் அவ்வகுப்பு மறக்குமா?

இப்போது நான் ஒத்திவைத்த வழக்குக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு எங்கள் மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி எழுதினாள். பாட்டி விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போவார் என்பது அதில் ஒரு வாக்கியம். நடுவர் வெட்ட என்னும் சொல்லின்கீழ் கோடிட்டு, பொருட்பிழை என்று ஓரத்தில் குறித்திருந்தார். மரத்தை வெட்டினால் அது சாய்ந்துவிடும். ஒரு கிழவி முப்பது ஆண்டு எப்படி வெட்டியிருக்க முடியும் என்று அவர் எண்ணியிருக்கலாம். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்க்கு இதில் ஐயமே இல்லை. மரம் வெட்டுதல் என்றால் பால்மரத்தின் பட்டையைச் சரிவாகச் சீவிப் பால் வடியச் செய்தல். மரத்தை வீழ்த்துவது சாய்த்தல். இரண்டு செயலுக்கும் இரண்டு வினை தோட்டத்தில் தெளிவாக உண்டு. பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்குக் கட்டி, இருட்டில் நிரை நிரையாக மரம் வெட்டி, மங்கில் நிரம்பியதை எடுத்து, ஸ்டோரில் நிறுத்து, மறுநாள் ஒட்டுப்பால் உரித்த மக்கள் அவர்கள். அவர்தம் வாழ்வின் நடுவினை வெட்டு என்பதே. அதற்குப் பொருட்பிழை என்று பெயர் சூட்டினால், பிழையாவது ஒரு சொல்லா, ஒரு வாழ்வா?

நுணுகிப் பார்த்தால் சீவு என்பதே தொழிலுக்கு இன்னும் நெருங்கிய சொல். அதுவும் தோட்டத்தில் வழங்குவதே. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக 1888 முதல் 1911 வரை இருந்த ரிட்லி செய்த ஆய்வுகளின் பயனே, மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவியெடுக்கும் முறை. மரம் நீண்டநாள் பால் தருவது அதனாலேயே. ஆனால் மக்கள் வெட்டு என்றனர், வெட்டுக் கத்தி என்றனர். மலாயில் தோரே என்பர், அது கீறுதல். ஆங்கிலத்தில் சொல்லும் வினையோ மிடாவில் துளையிட்டுப் பானத்தை வடிப்பதிலிருந்து வந்தது. ஒரே தொழிலை ஒரு மொழி கத்தியின் பக்கம் நின்று பார்க்கிறது, ஒரு மொழி பட்டையின் பக்கம் நின்று, ஒரு மொழி வடியும் பாலின் பக்கம் நின்று. எது பிழை?

க்ரியா அகராதி இலங்கை வழக்குக்குத் தனிக்குறி இட்டு இடம் தந்தது, அதைப் போற்றுகிறோம். மலைநாட்டுத் தோட்டப்புறத்தின் வினைகளுக்கும் அத்தகைய ஒரு குறி வேண்டும் என்பதே என் வழக்கு. நான் கேட்பது புதுச்சொல்லுக்கு இடம் அன்று. வெட்டு, எடு, சீவு, நிறு எல்லாம் தமிழ்ச் சொற்களே. எங்கள் தாப்பாவில் அடிவாரத்துத் தோட்டத்தில் எடுப்பது பால். மேலே கேமரன் மலையில் எடுப்பது கொழுந்து. கீழே எடு என்றால் மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றுதல். மேலே எடு என்றால் கிள்ளிக் கூடையில் இடுதல். ஒரே மலைப்பாதையின் இரு முனையில் ஒரு வினைக்கு இரண்டு பொருள் என்றால், அகராதிக்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

பேச்சுவழக்கை ஏற்றால் செந்தமிழ் கெடும் என்று அன்பர் சிலர் மறுக்கக்கூடும். அவர்தம் அச்சத்தை நான் எள்ளவில்லை. ஒலி சிதைந்த சொல்லையும் வேண்டாத கலப்பையும் கட்டுரையில் திருத்தத்தான் வேண்டும். ஆனால் தொழிலால் பொருள் விரிந்த ஒரு நல்ல தமிழ்வினை எவ்வகையில் கொச்சை? உழவர் நாற்றுப் பிடுங்குகிறார் என்றால் இலக்கியம். பாட்டி மரம் வெட்டுகிறார் என்றால் பிழையா? முன்னதற்கு நூற்சான்று உண்டு, பின்னதற்கு இல்லை என்பது ஒன்றே வேறுபாடு. சான்று இல்லாமற் போனதற்கு எழுதாமல் விட்ட நாம்தான் பொறுப்பு.

ஆகவே வகுப்பில் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்லுகிறேன். எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குச் செய்து பார்த்ததுதான். வாரத்துக்கு ஒரு வினை. பொருள் எழுதச் சொல்வதில்லை. அவ்வினை வரும் வாக்கியங்களை வீட்டில் கேட்டு வரச் சொல்வோம். எடு என்று கொடுத்தால் படம் எடுத்தல், பசி எடுத்தல், வாந்தி எடுத்தல், முடிவு எடுத்தல், மதிப்பெண் எடுத்தல், பால் எடுத்தல் என்று குவியும். எந்தப் பெயரோடு சேர்ந்தது என்பதைப் பிள்ளையே வட்டமிடுவான். பிறகு ஒவ்வொன்றையும் மலாயில் எப்படிச் சொல்வாய் என்று கேட்போம். அங்கே எடு என்பது நான்கைந்து வினையாகச் சிதறும். அச்சிதறலிலேயே தமிழின் பொருட்பிரிவு தானே கண்ணிற் படும். வினையின் பொருளைத் தெளிவிப்பது எது என்று தொடக்கத்தில் கேட்டேனே, பிள்ளைகள் இட்ட அந்த வட்டங்களே விடை. மாவின் ஐயத்தை வினை தீர்த்ததுபோல், வினையின் ஐயத்தை அதனோடு சேரும் பெயரும் வேற்றுமையும் பேசும் இடமும் தீர்க்கின்றன. தொல்காப்பியர் சொன்ன இனமும் சார்பும் இங்கும் வந்து உதவுவதைக் காண்க. இப்பயிற்சிக்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை, மாக்கான் மாசாதான். பத்து வினையைப் பட்டியலாக ஒப்புவிப்பதைவிட ஒரு வினையை இவ்வாறு உழுவது மேல் என்பது என் துணிபு.

இதற்குக் காலம் நிறைய இல்லை. பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனையாயிற்று. செம்பனை இருந்த இடத்தில் வீடுகள் எழுகின்றன. தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் பீடோருக்கும் ஈப்போவுக்கும் பெயர்ந்துவிட்டனர். மரம் வெட்டினார்கள் என்று இன்றைய பிள்ளை சொன்னால், வீடு கட்டுவதற்காகச் சாய்த்தார்கள் என்று அவன் கருதவும் கூடும். நடுவரின் பொருளே வென்றுவிட்டது. செம்பனைத் தோட்டத்தில் இன்னும் குலை வெட்டுகிறார்கள். நீண்ட கழியின் நுனியில் அரிவாள் கட்டி, அண்ணாந்து நின்று வெட்டவேண்டும். வெட்டுவோருள் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் பொத்தோங் புவா என்கிறார்கள். பழம் வெட்டுதல் என்பதே அதன் பொருள். பால்மரம் வெட்டிய கைகளுள் மிஞ்சியவர்கள் இப்போது எழுபது கடந்த பாட்டிமார். அவர்களிடம் எடு, வெட்டு, சீவு, உரி, நிறு என்னும் ஐந்து வினைக்கும் வாக்கியம் கேட்டு எழுதி வைக்கும் பணியை எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர் தொடங்கியிருக்கின்றனர். சுங்கையிலும் செண்டிரியாங்கிலும் உள்ள ஆசிரிய அன்பர்கள் தத்தம் ஊரில் கிடைப்பவற்றையும் இப்பகுதிக்கு எழுதுவாராயின், ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பாகும்.